சாமி ஃபோல்டரில் ஒளித்து வைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், வேண்டாத இடத்தில் வைப்பேன். நடந்ததை முன்னே பின்னே சொல்லுவேன். பாதியில் மறந்துபோய் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இதை எழுத ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சிதம்பரத்தில் ஒரு மாதிரி, புவனகிரியில் வேறு மாதிரி. சேத்தியாத்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் காலில் கொலுசு வேறு போட்டிருந்தாராம். (கொலுசு இல்லை. சத்தியமாக இல்லை.)

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருமினால் வக்கீல் குமாஸ்தாக்கள் எழுந்து நிற்பார்களாம். (அவரே சொன்னதுதான்.) ஓய்வு பெற்ற பிறகும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையைக் கோர்ட்டாக மாற்றி வைத்துக்கொண்டார். பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுத் தென்னை மரம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக மனு அடித்துக் கொடுப்பார். அதற்கு எங்கள் மகள் கவிதா விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். வீட்டில் யாராவது சத்தமாகப் பேசினால் ‘சைலன்ஸ்!’ என்பார். குக்கர் விசில் அடித்தால்கூட ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் என்னால் அந்தக் கதி வந்தது.

ஒரு ஐப்பசி மழையில் கொல்லைப்புறத் துவைக்கிற கல் அருகே வழுக்கி விழுந்தேன். வலது தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். கவிதா பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் லேப்டாப்பையும் கூடவே கொண்டுவந்தாள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் யாரோடோ இங்கிலீஷில் மீட்டிங். என் தலைமுடியோ இடுப்பு வரைக்கும் இருக்கும், ஒரு நாள் சீவாமல் விட்டால் தேங்காய் நார். மகளுக்குக் கழுத்தளவு கத்தரித்த முடி, சடை பின்னவே தெரியாது. ‘வெட்டிடலாமா அம்மா?’ என்று கத்தரிக்கோலைத் தேடினாள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, “இப்படித் திரும்பு” என்றார்.

கேஸ் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் வரிந்து கட்டிக் கட்டிப் பழகிய கை. முதல் நாள் பின்னிய சடையை அவிழ்க்கக் கத்தரிக்கோல்தான் தேவைப்பட்டது. போட்டது அப்படி ஒரு கோர்ட் முடிச்சு. ஆனால் நாளாக ஆகக் கை பழகிவிட்டது. ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு, சீப்பைக் காதில் செருகிக்கொண்டு, தீர்ப்பு எழுதுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்னுவார். என்னால் குனிய முடியாது என்று வாசலில் கோலம்கூடப் போட்டார். அது தாலுகா ஆபீஸ் சீல் மாதிரி வட்டமாக இருக்கும். கவிதா அதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புயல் மழை பிடித்துக்கொண்டது. கடலூருக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் வேட்டி, லுங்கி எதுவும் காயவில்லை. துணி போட்டிருந்த அறையில் ஒழுகி, காய்ந்து மடித்ததும் நனைந்துவிட்டது. உலர்ந்து இருந்த ஒரே துணி என்னுடைய நைட்டி. மஞ்சள் நிறம், தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பூ. குளிரில் நடுங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு வந்து, எனக்குச் சடை பின்ன உட்கார்ந்தார். அவர் நரைத்த மீசையும், மூக்குக் கண்ணாடியும், அந்தச் சிவப்புப் பூவும்! எனக்குச் சிரிப்பு வந்து தோள் வலித்தது. என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். கவிதா மீட்டிங்கை விட்டுவிட்டு வந்து போனில் படமாக எடுத்துத் தள்ளினாள்.

சிரித்து முடித்ததும் சிரஸ்தார் திரும்பி வந்துவிட்டார்.

“சைலன்ஸ்! இந்தப் படம் இந்த நாலு சுவரைத் தாண்டி வெளியில போச்சுன்னா, அன்னிக்கே சீப்பைக் கீழ வெச்சுடுவேன். சொல்லிட்டேன்.”

மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேலே போகவில்லை. டாக்டர், “வயசாச்சும்மா, இவ்வளவுதான்” என்றுவிட்டார். சோறு பிசையலாம், கோலம் போடலாம், காய் நறுக்கலாம். தலைக்குப் பின்னால் மட்டும் கொண்டுபோக முடியாது. மகள் ஊருக்குப் போய்விட்டாள். ஆக, தினமும் காலையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர்தான் எனக்குச் சடை பின்னினார். வெளியே தெரிந்தால் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் நான் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அப்போது மட்டும் அவர் மனு, கோர்ட்டு என்று பேசாமல் என்னோடு பேசுவார்.

ஏன் இவ்வளவு ரகசியம் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் அண்ணியைத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா, சிதம்பரம் கீழவீதியில் வாழ்க்கைப்பட்டவர். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஒரு தடவை இவர் சாப்பிட்ட தட்டை இவரே கழுவியதைப் பார்த்துவிட்டு, “என் தம்பிக்குக் குழாயடியில இன்னா வேலை?” என்று கேட்டவர். கேட்டது என்னை. அவர் தம்பி எனக்குச் சடை பின்னுகிறார் என்று தெரிந்தால்?

சரி, அந்தப் படங்களை அழித்துவிட்டால் என்ன? அதுதான் என்னால் முடியவில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் என் வகிடு மட்டும்தான் தெரியும், அவ்வளவு குனிந்திருப்பேன். அவர் போட்டோக்காரரை முறைத்துக்கொண்டு நிற்பார். அதற்கப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் நான் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது பாதி முகமாக இருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிற படம் என்று என் ஆயுசில் இருந்தது இந்த நைட்டிப் படம்தான்.

கவிதா ஊருக்குப் போகும் முன்பே ஒழுங்காகத்தான் சொன்னாள்.

“போன்ல இருந்தா எல்லார் கையும் படும்மா. கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன். உனக்குன்னு தனியா பாஸ்வேர்டு வெச்சுக்க. அப்பாவோடத தொறந்தாலும் உன்னோடது தொறக்காது. ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு பீரோவுல வெச்சுடு.”

பென் டிரைவை அன்றைக்கே நகைப்பெட்டியில் வைத்துவிட்டேன். (அதை எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இருப்பதுதான்.) பாஸ்வேர்டுதான் தகராறு. அந்தக் கட்டைப் பலகையில் எழுத்தெல்லாம் அறுவடைக்கு அப்புறம் சிந்தின நெல் மாதிரி கிடக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே ஏ, பி, சி என்ற வரிசைதான், அங்கே வரிசையே இல்லை. ஒரு எழுத்தைத் தேடிப் பிடித்து அடுத்ததைத் தேடுவதற்குள் வீட்டுக்காரர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். “வேணாம்டி, அப்பாவோடதுலயே போட்டுடு” என்றேன். அவளும் தலையில் அடித்துக்கொண்டு, அவருடையதிலேயே ‘அம்மா’ என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போனாள்.

அப்பாவின் பாஸ்வேர்டு பெரிய ரகசியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒவ்வொரு எழுத்தையும் சாட்சி பெயர் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொல்லித்தான் தட்டுவார். எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மாவுக்குக்கூட அது மனப்பாடம்.

ஒரு நாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற முருகேசன் மனு எழுத வந்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அம்மான்னு ஒண்ணு இருக்குதே சார். அம்மா போட்டோவா? தொறங்க சார், பாப்போம். அம்மா முகத்தை நான் சரியா பாத்ததே இல்ல” என்றான். (உண்மைதான். யார் வந்தாலும் நான் கதவுக்குப் பின்னால்தான்.)

வீட்டுக்காரர் இருமினார். “அது… கேஸ் சம்பந்தப்பட்டது.”

முருகேசன் போனதும் நேராக அடுக்களைக்கு வந்தார். “சரோஜா, அதை எங்கயாவது கண்ணுக்குப் படாம பத்திரமா வை. இல்லன்னா நானே அழிச்சுடறேன்.”

“அழிச்சுடாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“நான் பாத்துக்கறேன்னு சொல்றேனில்ல.”

எனக்கு ஒன்று தெரியும். மாவுக்கட்டு போட்டிருந்தபோது பொழுது போகட்டும் என்று கவிதா கம்ப்யூட்டரில் சீட்டுக்கட்டு விளையாடச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இடது கையால் மவுஸை அழுத்திப் பிடித்து, சீட்டை இழுத்து இன்னொரு சீட்டின் மேல் போட வேண்டும். ராஜாவை இழுக்கத் தெரிந்தவளுக்குப் புருஷனை இழுக்கத் தெரியாதா?

எங்கே இழுத்துப் போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு நான் அதிகம் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் சாமிதான். பீரோ சாவி பெருமாள் படத்துக்குப் பின்னால். வீட்டுப் பத்திரம் முருகன் படத்துக்குப் பின்னால். எவ்வளவு பெரிய திருடனும் சாமியை நகர்த்தக் கொஞ்சம் யோசிப்பான் என்பது எங்கள் மாமியார் காலத்துக் கணக்கு. கம்ப்யூட்டரிலும் ‘சாமி’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தினமும் காலையில் போனுக்கு வருகிற காலை வணக்கச் சாமிகளையெல்லாம் அழிக்கப் பயந்துகொண்டு வீட்டுக்காரர் அதில் போட்டுவைப்பார். பிள்ளையாரே நூற்றுக்கு மேல் இருப்பார். வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தபடி விட்டுவிட்டு மதியம் தூங்கப் போன நேரத்தில், அந்தத் தேர்க்கூட்டத்துக்கு நடுவே எங்கள் படங்களைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டேன். ‘அம்மா’ ஃபோல்டர் காலி.

வீட்டுக்காரர், “எங்க வெச்சே?” என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி, கவிதாவை விட எனக்கு விவரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

புரட்டாசி வந்தது, ஆயுத பூஜையும் வந்தது.

ஆயுத பூஜைக்கு அண்ணியும் அண்ணனும் சிதம்பரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அண்ணன் என்று நான் சொல்வது அண்ணியின் வீட்டுக்காரரை. கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். என் வீட்டுக்காரரை, “மச்சான்” என்று கூப்பிட்டுக் காலை வாருவதற்கென்றே பஸ் ஏறி வருவார். அந்த வருஷம் அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். முருகேசனும் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டி எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆகும்வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அரிவாள்மணை, சுத்தியல், தையல் மெஷின், கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. சுண்டலில் போட மாங்காய் நறுக்க மறந்துவிட்டேன் என்று அரிவாள்மணை பக்கம் கையை நீட்டினேன்.

“தொடாதே!” என்றார் வீட்டுக்காரர். “பூஜையில வெச்சா வெச்சதுதான். நானே கேட்டாலும் எடுக்கக்கூடாது. ஆர்டர்.”

“அப்படிச் சொல்லுடா” என்றார் அண்ணி. “இவளுக்கு எல்லாம் விளையாட்டு.”

மாங்காய் இல்லாத சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் குரல் பெருமையாகக் கேட்டது.

“மாமா, இந்த வருஷம் ஒரு புதுமை. கம்ப்யூட்டரைச் சும்மா வெக்கல. சாமி படமெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா வர்ற மாதிரி ஓட விட்டிருக்கேன். கவிதாகிட்ட போன்ல கேட்டு நானே செஞ்சேன்.”

கரண்டி கையிலிருந்து விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீபோர்டின் மேல் செவ்வந்திப் பூச்சரம். மவுஸின் முதுகில் சந்தனப் பொட்டு. திரையில் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போய் மீனாட்சி வந்தார். மீனாட்சி போய் இன்னொரு பிள்ளையார். முதல் படம் பிள்ளையார் என்றதும் வீட்டுக்காரர் திருப்தியாகி, உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

நூற்றுக்கணக்கில் சாமிகள் இருக்கிறார்கள், நம் முறை வருவதற்குள் பூஜை முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மணியை ஆட்டினார். கற்பூரத்தட்டைத் திரைக்கு எதிரே சுற்றத் தொடங்கினார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். முருகன் போனார். அடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் குத்துக்காலிட்டுக் கோலம் போடுகிற என் வீட்டுக்காரர் வந்தார்.

தன் படத்துக்குத் தானே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

அண்ணி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணனும் கண்ணை மூடியிருந்தார். முருகேசன் மட்டும் திரையைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

நான் சுண்டல் பாத்திரத்தோடு திரைக்கு முன்னால் போய் நின்றேன். கூட்டத்தில் யாருக்கும் முன்னால் போய் நின்றே அறியாதவள்.

“இன்னாடி சரோசா, சாமியை மறைச்சிகினு நிக்கிறே? தள்ளு” என்றார் அண்ணி.

“சுண்டல் நைவேத்தியம் அண்ணி…”

“சுண்டலை கீழ வெச்சுட்டுத் தள்ளுடி.”

தள்ளினேன். நல்ல வேளை, நடராஜர் வந்திருந்தார். ஆனால் அடுத்து யார் என்று யாருக்குத் தெரியும்? சாம்பிராணியை இரண்டு கை அள்ளித் தணலில் கொட்டினேன். அறை முழுக்கப் புகை. திரை மங்கியது, நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“தங்கச்சி, கொசுவை விரட்டறியா, எங்களையா?” என்று அண்ணன் இருமினார். முருகேசன் போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். புண்ணியவான்.

வீட்டுக்காரர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோருக்கும் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கில் மவுஸ் பக்கம் மெல்ல விரலைக் கொண்டுபோனேன்.

“ம்!” என்றார் கடைக்கண்ணால். “ஆர்டர் போட்டேனில்ல?”

காதுக்குள் சொல்லிவிடலாம் என்றால் சுற்றிலும் ஆள். மின்சாரமாவது போகாதா என்று வேண்டினேன். அடுப்பில் குழம்பு இருக்கும்போதெல்லாம் போகிற மின்சாரம், அன்றைக்கு அசையாமல் இருந்தது. அப்போதுதான் தோன்றியது. மெயின் சுவிட்சுக்கு யாரும் சந்தனப் பொட்டு வைக்கவில்லையே! அது பூஜையில் இல்லை. நடையில் போய் நின்று, ஒரு கட்டையால் எக்கித் தட்டினேன்.

வீடு முழுக்க இருட்டு. குத்துவிளக்கும் சாம்பிராணிப் புகையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று திரும்பி வந்தேன்.

கீ… கீ… கீ… என்று ஏதோ கத்தியது. கம்ப்யூட்டருக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி உண்டு, யு.பி.எஸ். என்பார்கள். மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். அதை நான் மறந்தே போனேன். இருட்டறையில் அந்தத் திரை மட்டும் கர்ப்பகிரகம் மாதிரி ஜொலித்தது. வேறு வெளிச்சமே இல்லாததால் எல்லோரும் அதன் முன்னால் வந்து கூடினார்கள். கூட்டி வைத்தது நான்தான்.

திரையில் மஞ்சள் நைட்டி. சிவப்புப் பூ.

“ஆகா” என்றார் அண்ணி, கண்ணை இடுக்கிக்கொண்டு. “இது எந்த ஊரு அம்மன்டா? பூ அலங்காரம் எவ்ளோ அம்சமா இருக்குது பாரு.” சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “அம்மனுக்கு மீசை இருக்குதே.”

“சும்மா இருங்க. சாமியைப் போயி…”

“மீசை மட்டுமா? மூக்குக் கண்ணாடியும் இருக்குது. மச்சான், இது நீதானே?”

வீட்டுக்காரர் திரும்பினார். அந்த முகத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது.

“சார்தாங்க” என்றான் முருகேசன், கேட்காமலேயே. “அந்தக் கண்ணாடிக்குக் காது பக்கம் நூல் சுத்தி இருக்குது பாருங்க.”

“சாட்சி சொல்லியாச்சு மச்சான், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது!” என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நிறுத்து! நிறுத்துடி அதை!”

“எதுக்குடா நிறுத்தறது?” என்றார் அண்ணி. அவர் குரலில் சிரிப்பில்லை. “பூஜையில வெச்சா வெச்சதுதான்னு நீதானே சொன்னே? நானே கேட்டாலும்னு சொன்னே. யாரும் கையை வெக்கக்கூடாது.”

யாரும் வைக்கவில்லை. வாயில் ரிப்பனோடு ஒரு படம் வந்தது. காதில் சீப்போடு ஒன்று வந்தது. நடுவில் ஒரு ஆஞ்சநேயர் வந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். “சாமியோட எப்படிடி கலந்துச்சு?”

“நான்தாங்க வெச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு.”

“சாமிகிட்டயா?”

“பீரோ சாவியும் அங்கதானே வெக்கிறோம்.”

யு.பி.எஸ். நீளமாக ஒரு கீ போட்டுவிட்டு அடங்கியது. திரையும் போய்விட்டது. “தங்கச்சி, தெருவுல கரண்ட் இருக்குது. மெயினைப் போட்டுவிடு, மீதியும் பாத்துடலாம்” என்றார் அண்ணன்.

அந்த இருட்டில் அண்ணி குரல் மட்டும் கேட்டது.

“சரோசா. கையைத் தூக்கு.”

“இருட்டுல எப்படி அண்ணி தெரியும்?”

தடவிக்கொண்டே வந்து என் வலது கையைப் பிடித்தார். மெல்லத் தூக்கினார். தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் தூக்கியதும், “ஸ்ஸ்” என்று கத்திவிட்டேன். சட்டென்று விட்டுவிட்டார்.

“எவ்ளோ நாளா இப்படி?”

“விழுந்ததுலேர்ந்து அண்ணி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

முருகேசன் போய் மெயினைப் போட்டான். வெளிச்சம் வந்தபோது வீட்டுக்காரர் அறையில் இல்லை. கொல்லைப்புறத்தில், நான் விழுந்த கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அண்ணன் மட்டும் சோற்றைப் பார்த்து, பிறகு மச்சானைப் பார்த்து, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அறையில் உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவில்லை. எண்ணெய் வைக்கிற கை வரவில்லை. அவர் முன்னறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சொன்னபடி செய்துவிட்டார், இனிமேல் கத்தரிக்கோல்தான் என்று நினைத்துக்கொண்டேன். சீப்பைத் தேடினேன். அதுவும் இருக்கிற இடத்தில் இல்லை.

“வாங்கடி, வாங்கடா, புனர்பூஜைக்கு நேரமாச்சு” என்று அண்ணி கூப்பிட்டார். அவிழ்ந்த முடியை அள்ளி முடியக்கூட முடியாமல் அப்படியே போய்க் கதவோரம் நின்றேன்.

கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணி வாடிய பூவையெல்லாம் எடுத்தார். சுத்தியலை அண்ணனிடம் கொடுத்தார். அரிவாள்மணையை எடுத்து ஓரமாக வைத்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் என் சீப்பு இருந்தது. பல்லுக்குப் பல் சந்தனம். நடுவில் குங்குமம். எப்போது வைத்தாரோ தெரியாது.

அதை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

“இந்தாடா, உன் ஆயுதம்.”

வீட்டுக்காரர் வாங்கவில்லை. காது வரைக்கும் சிவந்துபோய் நின்றார்.

“இன்னாடா பாக்கறே? நேத்து படத்துல பாத்தேன். கண்ணு மங்கலா இருந்தாலும் எனக்குச் சடை தெரியும். கோணல்மாணலா பின்னியிருக்கே. ஒரு பக்கம் இறுக்கி, ஒரு பக்கம் தொளதொளன்னு. வருசம் பூரா இந்த லட்சணத்துலயா அவ வெளியில போயி வந்தா? உக்காரு. இன்னிக்கு விஜயதசமி. இன்னிக்குக் கத்துக்கினா நல்லா வரும்.”

“அக்கா, எல்லாரும் இருக்காங்க…”

“சைலன்ஸ்!” என்றார் அண்ணி.

முன்னறையில், கதவு விரியத் திறந்திருக்க, அண்ணன் பொரி தின்றுகொண்டே வேடிக்கை பார்க்க, என்னை முக்காலியில் உட்காரவைத்து அண்ணி சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் பின்னினார். எனக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் சுருங்கிப்போனது. ஆனால் எழுந்து போகவில்லை. சடை நேராக இருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. இப்போதும் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சீப்புக்கு ஒரு இடம் உண்டு. அதற்கு முதல் நாள் அண்ணன் சிதம்பரத்திலிருந்து போன் போட்டு, “மச்சான், ஆயுதத்தைத் தீட்டி வெச்சாச்சா?” என்று கேட்காமல் இருந்ததில்லை. எங்கள் சொந்தத்தில் யாருடைய குட்டு வெளிப்பட்டாலும், “பூஜையில வெச்சா வெச்சதுதான்” என்பார்கள். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த வாரம், நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, “அந்த அம்மன் படத்தைப் போடுடி, அன்னிக்குச் சரியா தெரியல” என்றார். பார்த்துவிட்டு, “சடை கோணல்தான்” என்றார். பிறகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா வந்து எனக்கென்று தனியாகப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள். எழுத்துகள் சிந்திக் கிடக்கும் இடமெல்லாம் இப்போது தெரியும். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அந்த அளவுக்குத் தேறிவிட்டேன். வாயைத் திறந்து சொல்லிக்கொண்டும் தட்டுவதில்லை.

கவிதா, இதை நீதான் அடித்துக் கொடுக்கப் போகிறாய். அடிக்கும்போது கொஞ்சம் சரிபார்த்துவிடு. நைட்டிப் படம் வந்தது ஆஞ்சநேயருக்கு முன்னாலா, பின்னாலா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பூ சிவப்புதானே, ஆரஞ்சு இல்லையே? சந்தேகம் இருந்தால் சிதம்பரத்து மாமாவைக் கேள், முருகேசனைக் கேள். உன் அப்பாவை மட்டும் கேட்காதே. அவர் அது நைட்டியே இல்லை, நீளமான சட்டை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சடை பின்னிக்கொண்டே.